தபால்காரர் எங்கள் லைனில் வீடு திரும்பினார்

அன்றைக்கு அந்த அறைக்குள் இருந்தது ஐந்து பேர். ஓனர். அணுமின் நிலையத்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து கேபிள் பணம் கட்ட வந்திருந்த, திருநெல்வேலிப் பக்கத்து சார் ஒருவர். மீனவர் குப்பத்தில் போட் இன்ஜின் ரிப்பேர் செய்கிற அண்ணாத்த. எதிர்ச்சாரியில் இட்லிக் கடை போட்டிருந்த அக்கா. ஐந்தாவது ஆள் நான். ஆறாவதாக ஒருத்தர் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். திறந்திருக்க மாட்டேன்.

ஐப்பசி மழை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். சாரல் உள்ளே அடித்து ரிசீவர்கள் மேல் படுகிறது என்று ஓனர் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டார். சதுரங்கப்பட்டினம் பஜாரில் எட்டடிக்குப் பத்தடி அறை அது. கேபிள் டிவி கன்ட்ரோல் ரூம் என்று பெயர். ஜன்னல் கிடையாது. ஒரு சுவர் முழுக்க ரிசீவர்கள் சூடேறிக்கொண்டு நிற்கும். இன்னொரு சுவரில் கேசட் அடுக்குகிற தகர ராக். நடுவில் ஒரு டிவி, ஒரு வி.சி.ஆர், ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில்தான் நான் காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார்ந்திருப்பேன். ஐந்து பேர் நின்றால் ஒருத்தர் மூச்சை இன்னொருத்தர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

டிவியில் அந்த நேரம் பார்த்து தபால்காரர் வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு வெளிநாட்டு இங்கிலீஷ் தொடர். கிரகம் கிரகமாகக் கப்பலில் போய்க் கடிதம் கொடுக்கிற ஒருவர்தான் அதில் ஹீரோ. துப்பாக்கி கிடையாது. தோளில் ஒரு பை, அவ்வளவுதான். கடிதத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அவருடைய நாட்டில் வருடக்கணக்காக ஓடிய தொடராம். ஆரம்பப் பகுதிகளில் கறுப்பு மீசையோடு இருப்பார். எங்கள் ஊர் டிவிக்கு வந்து சேர்ந்தபோது பாதி நரைத்திருந்தது. ஒரே ஆள் ஒரே வேலையில் கிழவனாகிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருக்கும், ஆனால் பார்க்காமலும் இருக்க முடியாது. தொடரின் இங்கிலீஷ் பெயரைக் குப்பத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை. "தபால்காரர் போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

எங்களிடம் இரண்டு லைன் இருந்தது. குவார்ட்டர்ஸ் லைனில் அந்த சேனல் நேராகவே வரும். குப்பத்து லைனுக்கு அந்த சேனலுக்கான பணத்தை ஓனர் கட்டவில்லை. அதனால் நான் அதை கேசட்டில் பதிவு செய்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் சொந்த வீடியோ சேனலில் குப்பத்துக்குப் போடுவேன். கேசட் விலை அதிகம், அதுவும் செங்கல்பட்டுக்குப் போய்த்தான் வாங்கி வர வேண்டும். டேப்பை மிச்சம் பிடிக்க ஆரம்ப இசை, போன வாரக் கதைச் சுருக்கம் எல்லாம் முடிந்த பிறகுதான் ரெக்கார்ட் பட்டனை அழுத்துவேன். கடைசியில் எழுத்து ஓட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவேன். என் வேலையில் நான் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான். எனக்குக் குழி வெட்டியதும் அதுதான்.

கடற்கரை ஊரில் கேசட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒரு தடவை எல்லா கேசட்டையும் பெட்டியிலிருந்து எடுத்து, ரிசீவர்களின் சூட்டில் காய வைத்து, பஞ்சால் துடைத்துத் திரும்ப வைப்பேன். கேசட்டின் மேலேயே லேபிள் ஒட்டினால் அது வி.சி.ஆருக்குள் உரிந்து சிக்கிக்கொள்ளும். அதனால் பெயரைப் பெட்டியின் மேல்தான் எழுதுவோம். கேசட் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. ஒரு தடவை தபால்காரர் கதை ஒன்று இரண்டு பாகமாக வந்தது. இரண்டையும் துடைத்து வைக்கும்போது பெட்டி மாறிவிட்டது. ஒன்று என்று எழுதிய பெட்டிக்குள் இரண்டு, இரண்டுக்குள் ஒன்று.

அந்தக் கதை இதுதான். முதல் பாகத்தில், பல வருடம் கழித்து தபால்காரரின் கப்பல் அவருடைய சொந்த ஊரில் இறங்குகிறது. பையில் ஒரே ஒரு கடிதம் மிச்சம். விலாசம் அவருடைய வீட்டு விலாசம். தெருவில் மெதுவாக நடந்து போய்க் கதவைத் தட்டுகிறார். ஒரு பெண் திறக்கிறாள். அவர் உள்ளே போகிறார், கதவு சாத்திக்கொள்கிறது. இரண்டாம் பாகம் முழுக்க அந்த வீட்டுக்குள்ளேயே நடக்கும். இரண்டு பேரும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசுகிறார்கள். கடைசியில் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வருகிறார். கதவு சாத்திக்கொள்கிறது. கப்பல் மேலே போகிறது. ஜன்னலில் அந்தப் பெண்ணின் முகம்.

குப்பத்தில் இரண்டாம் பாகம்தான் முதலில் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை கேசட்டைப் போட்டுவிட்டு, எங்கேயோ லைன் அறுந்துவிட்டதென்று நான் கம்பம் ஏறப் போய்விட்டேன். அடுத்த ஞாயிறு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது கப்பல் இறங்கியது. அப்போதுதான் பெட்டி மாறியது தெரிந்தது. நிறுத்தவும் முடியாது. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தபால்காரர் நடந்தார், தட்டினார், உள்ளே போனார். ஆரம்பமும் கதைச் சுருக்கமும் நான் வெட்டியிருந்ததால் ஒட்டுப்போட்ட இடம் தெரியவே இல்லை. குப்பத்தைப் பொறுத்தவரை, போன வாரம் வீட்டை விட்டுப் போன மனுஷன் இந்த வாரம் திரும்பி வந்துவிட்டார். அதற்கப்புறம் அந்த சேனல் கறுப்பு மீசைக் காலத்துப் பழைய பகுதிகளையே மறுபடி போட ஆரம்பித்தது. ஆக, குப்பத்துக்குக் கதை அந்த இடத்தோடு முடிந்தது.

மறுநாளே ஓனரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குப் பத்து நாள் முன்னால்தான் ஒரு கல்யாண வீட்டு கேசட் மேல் நான் சினிமாவைப் பதிவு செய்து, முகூர்த்தத்தையே அழித்திருந்தேன். அந்த வீட்டுக்காரர்கள் நாலு பேர் வந்து கத்திவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு ஓனர் சத்தம் போடவில்லை. "இன்னொரு வாட்டி கேசட்ல கை வெச்சு எதுனா ஆச்சு, பையத் தூக்கிகினு கெளம்பிகினே இரு" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட பயம் குறைந்திருக்கும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாமல்லபுரத்தில் சிலைப் பட்டறையில் கல் தேய்க்கப் போய், மூன்றே மாதத்தில் இருமல் வந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். இந்த ஸ்டூலை விட்டால் வேறு ஸ்டூல் இல்லை. அதில் உட்கார்ந்திருந்தாலும் மூச்சு முட்டும், எழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலும் மூச்சு முட்டும்.

அதற்கப்புறம் இட்லிக் கடையில் தினமும் தபால்காரர் பேச்சுதான். டவுன்ஷிப் ஆட்களும் அங்கே வருவார்கள், குப்பத்து ஆட்களும் வருவார்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு கதையைப் பார்த்திருக்கிறது என்பதே ரொம்ப நாள் யாருக்கும் உறைக்கவில்லை. அவர்கள் சண்டை போட்டது என்ன நடந்தது என்பதற்கு இல்லை, அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதற்கு. நான் மட்டும் இட்லியைப் பிய்த்தபடி, எந்த வாயிலிருந்து அது வெளியே வரப்போகிறதோ என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மழை நாளன்றும் பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது. எங்களுக்கு டீ கொண்டுவந்த அக்கா மழையில் மாட்டிக்கொண்டார். டிவியில் கறுப்பு மீசை தபால்காரர் ஏதோ பனி மலையில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"சத்தத்தக் கேட்டியா சார்? இன்ஜின் டக்குடக்குனு அடிக்குது" என்றார் அண்ணாத்த. "நான் அப்பலருந்து சொல்லிகினு கீறேன், அந்தக் கப்பலுக்கு ரிவர்ஸு புட்டுக்கிச்சு. முன்னாலதான் போவும். அந்தாளு இன்னா பண்ணுவான் பாவம்."

"உமக்கு எதைப் பாத்தாலும் இன்ஜின்தான்" என்றார் சார். "அவரு சர்வீஸ் ஆளு. ஆர்டர் வந்தா கெளம்பணும். எங்க வீட்ல கேட்டுப் பாரும், எத்தன தீவாளிக்கு நான் ஷிப்ட்ல கெடந்திருக்கேன்னு. போறதுதான்யா பெரிய விஷயம். இருக்கறதுக்கு எவனும் இருப்பான்."

ஓனர் பீடியைப் பற்ற வைக்கலாமா என்று பார்த்துவிட்டு, ஷட்டர் மூடியிருப்பது ஞாபகம் வந்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. அந்த நடிகருக்குச் சம்பளம் ஏத்தல. அதான் மூஞ்சி அப்டி கீது."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா டம்ளர்களைக் கம்பித் தூக்கில் அடுக்கிக்கொண்டே சொன்னார்: "ஆர்டரும் இல்ல, இன்ஜினும் இல்ல. பயம். வூட்டுக்குப் போனா இத்தினி நாளா ஏன் வரலன்னு கேப்பாளேன்னு பயம். நாளு ஆவ ஆவ இன்னும் ஒரு ஊரு தள்ளிப் போறாரு. கடசீல பயம் தெளிஞ்சு வந்துட்டாரு இல்ல?"

அக்காவின் வீட்டுக்காரர் மூன்று வருடத்துக்கு முன்னால் குஜராத் பக்கம் விசைப்படகு வேலைக்குப் போனவர். முதல் வருடம் பணம் வந்தது. அப்புறம் வரவில்லை. யாரும் அதை அவர் முன்னால் பேசுவதில்லை. தபால்காரரைப் பற்றி நான் மனசுக்குள் வைத்திருந்த எண்ணமும் இதே பயம்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம் என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் கண் கேசட் ராக் பக்கம் போனது.

"எங்கேம்மா வந்தாரு?" என்றார் சார். "வந்தவருதான் மறுபடி போயிட்டாருல்லா. கடைசியில கதவு சாத்துது."

"சாத்துது. அவரு உள்ள கீறாரு."

"உள்ளயா? வெளியல்லா நிக்காரு! கப்பல் மேல போகுதே, பாக்கலையா நீங்க?"

"அது மொத வாரம் சார். அடுத்த வாரம் வந்துட்டாரே."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர். ஆனால் அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. "ஏம்மா, இங்கிலீஷ் புரியாம படத்த மட்டும் பாத்தா இப்படித்தான் தலகீழாப் புரியும்."

"கதவுக்கு இந்தாண்ட கீறாரா அந்தாண்ட கீறாரான்னு பாக்கறதுக்கு இங்கிலீஷு இன்னாத்துக்கு சார்?"

அண்ணாத்த தொடையைத் தட்டினார். "அப்டிப் போடு! நானும் பாத்தேன் சார், உள்ளதான் போனான்."

"நூறு ரூபா பந்தயம்" என்றார் சார்.

"வெச்சுக்கோ" என்றார் அக்கா.

சார் தன் ரெக்சின் பையைத் திறந்தார். வெளிநாட்டில் இருக்கிற அவர் மச்சினன் அந்தத் தொடரின் எல்லாப் பகுதிகளின் கதையையும் கம்ப்யூட்டரில் எடுத்து அனுப்பியிருந்தானாம். இட்லிக் கடையில் காட்டுவதற்காக நாலு நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து காகிதத்தை எடுத்து, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னார். முதல் பாகம், வீடு திரும்புகிறார். இரண்டாம் பாகம், வீட்டை விட்டுப் போகிறார்.

"காயிதத்துல இன்னா வேணா எழுதுவான்" என்றார் அண்ணாத்த. "கேசட்டுதான் கீதே. டேய், எடுத்துப் போடுறா. பாத்துடலாம்."

நான்கு முகமும் என் பக்கம் திரும்பியது. அந்த அறையில் திரும்புவதற்கு வேறு பக்கமும் இல்லை. ராக்கில், என் முழங்கைக்கு ஒரு சாண் கீழே, அந்த இரண்டு பெட்டியும் இருந்தன. ஒன்று, இரண்டு என்று என் கையெழுத்திலேயே போட்டிருந்தது. எடுத்துப் போட்டால் அக்கா பார்த்தது நிஜம் என்று ஆகும். சார் படித்ததும் நிஜம். அப்போது பொய் எங்கே இருக்கிறது என்று ஓனர் பெட்டியைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். ஷட்டர் மட்டும் திறந்திருந்தால் ஒண்ணுக்குப் போகிற சாக்கில் ஓடியிருப்பேன்.

"அழிச்சிட்டேன்" என்றேன். "வேற படம் ரெக்கார்ட் பண்ணிட்டேன்."

"நல்லவேள, தபால்காரரத்தான் அழிச்சான், மறுபடியும் கல்யாணத்த அழிக்கல" என்றார் ஓனர். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"நீதானே போட்ட? இங்க உக்காந்து நீயும் பாத்த இல்ல?" என்றார் என்னிடம். "நீ சொல்லு கண்ணு. கடசீல உள்ள போனாரா இல்லியா?"

போனார் என்று ஒரு வார்த்தை. எங்கள் லைனில் போனார், தப்பு என் கையில் என்று இன்னும் நாலு வார்த்தை. நான் சொன்னது இது:

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுக்கா."

அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. தான் பார்த்ததைத் தானே சந்தேகப்படுகிறவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை. பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, பத்தும் இருபதுமாக எண்ணி நீட்டினார். நோட்டுகளில் இட்லி மாவு காய்ந்திருந்தது. சாருக்கே சங்கடமாகிவிட்டது. "அட வெளையாட்டுக்குச் சொன்னேம்மா, வைங்க" என்றார்.

"தோத்தா தோத்ததுதான். புடி சார்."

அவர் வாங்கிச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். மழை நிற்க இன்னும் அரை மணி நேரம் ஆனது. டிவியில் தபால்காரர் பனியில் நடந்துகொண்டே இருந்தார்.

விஷயம் மறுநாளே பஜார் முழுக்கப் பரவிவிட்டது. இட்லி வாங்க வருகிறவன் எல்லாம், "இன்னாக்கா, தபால்காரர் வந்துட்டாரா?" என்பான். கேட்கிறவன் தபால்காரரை மட்டும் கேட்கவில்லை என்பது கேட்கிறவனுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவர் இட்லித் தட்டிலிருந்து முகத்தைத் தூக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்லுவார்: "எங்க லைன்ல வந்துட்டாரு. உங்க லைன்லதான் இன்னாவோ ரிப்பேரு."

லைன் என்ற வார்த்தை வரும்போதெல்லாம் நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். தெரிந்துகொண்டுதான் சொல்கிறாரா? தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டாரா? இரவில் இதையே புரட்டிப் புரட்டி யோசிப்பேன். ஒரு நாள் அந்த இரண்டு கேசட்டையும் நிஜமாகவே அழித்தேன். அழித்த பிறகு பயம் குறையவில்லை. நிரூபிக்க இனி எதுவும் இல்லை, நான் வாயால் சொன்னால்தான் உண்டு என்று ஆகிவிட்டது.

பணத்தையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். கையில் நீட்டினால் எதற்கு என்று கேட்பார். அதனால் நாஸ்தா சாப்பிட்டுவிட்டு மீதிச் சில்லறையை வாங்காமல் நழுவிவிடுவேன். ஒரு நாள் ஒரு ரூபாய், ஒரு நாள் இரண்டு. தினமும் செய்தால் தெரிந்துவிடும் என்று நாலு நாள் விட்டு ஒரு நாள். "இன்னாடா, சில்லறய வுட்டுட்டுப் போற, பெரிய மனுசன் ஆயிட்டியா?" என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் ஒரு மாதம் அந்த வேலையை நிறுத்தி வைத்தேன். இப்படியே பயந்து பயந்து அறுபத்திரண்டு ரூபாய் சேர்வதற்குள், திருப்போரூரிலிருந்து அவருடைய அண்ணன் ஒரு டெம்போவோடு வந்தார். அங்கே பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு இடம் பார்த்திருக்கிறேன், இந்த ஊரில் உட்கார்ந்து யாருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாய் என்று கடை வாசலிலேயே சத்தம் போட்டார். அக்கா அடுப்பை அணைத்தார். இட்லிக் குண்டானைக் கவிழ்த்து வண்டியில் ஏற்றினார். நான் ஷட்டருக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேசட் மாற்றுகிற நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

சில வருடம் கழித்து வீட்டுக்கு வீடு கூரைமேல் சின்ன டிஷ் குடை வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஓனர் இரண்டு லைனையும் விற்றுவிட்டார். நான் பயந்து பயந்து காப்பாற்றிய வேலை, நான் ஒரு தப்பும் செய்யாத ஒரு திங்கட்கிழமை போய்விட்டது. செங்கல்பட்டில் ஒரு எலெக்ட்ரிக் சாமான் கடையில் சேர்ந்தேன். இப்போது பயப்பட வேண்டிய முதலாளி இல்லை. இனிமேல் என்ன தடை என்று ஒரு நாள் திருப்போரூருக்கு பஸ் ஏறினேன். வழி நெடுக ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அக்கா, அன்னிக்கு நீ பாத்ததுதான் சரி, பெட்டிய மாத்தினது நான்.

கடையில் கூட்டம். அக்கா கொஞ்சம் பருத்திருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து, கேட்காமலேயே பொங்கலும் வடையும் வைத்தார். அவர் வீட்டுக்காரரைப் பற்றி நான் கேட்கவில்லை. வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. பக்கத்தில் ஒருத்தர் சாம்பார் கேட்டார், அப்புறம் பார்சலுக்கு ஒருத்தர் வந்தார், அப்புறம் என் தட்டு காலியாகிவிட்டது. கல்லாவில் ஐம்பது ரூபாய் நோட்டை வைத்துவிட்டு வேகமாக வெளியே வந்துவிட்டேன். சாப்பிட்டது பன்னிரண்டு ரூபாய் போக, ஒரே அடியில் கணக்கு தீர்ந்துவிடும்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "டேய்! நில்லுடா!" புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அக்கா வந்துகொண்டிருந்தார். என் கையைப் பிடித்து மீதிப் பணத்தை உள்ளங்கையில் வைத்து மூடினார். "இன்னும் சில்லறய மறக்கற புத்தி போவலியா உனக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அவரே பேசினார்.

"ஆமா, அந்தத் தபால்காரரு இப்ப டிவில வர்றாரா?"

"இல்லக்கா. நின்னு போச்சு."

"எப்டி வருவாரு? வூட்டாண்ட கீறாரு இல்ல."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சிரித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. செங்கல்பட்டு பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து விரலைப் பிரித்து எண்ணினேன். ஒரு ரூபாய்கூடக் குறையாமல் திருப்பிக் கொடுத்திருந்தார். ஆக, நான் அக்காவுக்குத் தர வேண்டியது அப்படியேதான் நிற்கிறது: முப்பத்தெட்டு ரூபாய்.